பால் பெர்ட்

உயர்ந்த மலைகளில் ஏறுவோர்க்குத் தலை நோவும், குமட்டலும், மூச்சுத் திணறலும் உண்டாதல் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தியாகும். தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலையைக் கடந்தபோது தாம் பட்ட துன்பத்தை அக்கோசுட்டா என்னும் பாதிரியார் 1590-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். ஆனால் அந்நோயின் காரணம் யாது என்பதில் கருத்து வேற்றுமை மிகுந்திருந்தது. மண்ணிலுள்ள உலோகங்களின் ஆவியே காரணம் என்றனர் சிலர். செடிகளின் நச்சுமணம் என்றனர் மலைவாழ் மக்கள். புறத்தே காற்றின் அழுத்தம் குறைவதால் குருதி உடலின் மேற்பரப்பிற்கு இழுக்கப்படுகின்றது என்றனர் மருத்துவர் பலர். இக்குழப்பத்தைச் சோதனைகளால் தீர்த்து வைத்தவர் பால் பெர்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

இவர் 1833-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஓசேர் நகரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் உடலியல் வல்லுநரான குளோடு பெர்னார்டின் மாணாக்கராகி, அக்கலையிலேயே நிலைபெற்றார். 1869-ஆம் ஆண்டில், பாரிசு நகரின் சோர்போன் கல்விக் கழகத்தில் தம் ஆசிரியர் வகித்த பேராசிரியர் பதவி இவருக்குக் கிடைத்தது.

மெக்சிகோ நாட்டின் மேட்டு நிலங்களில் பல்லாண்டு வாழ்ந்த சூர்தனே என்னும் பிரெஞ்சு மருத்துவர், அங்குள்ளோர் சிலரிடம் இரத்தக் குறைவுற்றோரின் அடையாளங்களைக் கண்டிருந்தார். அவர் செல்வரும் ஆவார். அவர் அளித்த பொருளுதவியால் பெர்ட் தமது ஆய்வுக் கூடத்தில் இரும்புத் தகட்டாலான பெரிய உருளைகளை அமைத்தார். ஆள் உள்ளே அமரலாம். வெளியிலுள்ளோர் கண்ணாடிப் பலகணி வழியே அவரைக் காணலாம். காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் மலைமேல் உள்ள நிலை பாரிசு நகரிலேயே உண்டாகிவிடும்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அது பாதியாகிவிடுகின்றது. எவ்வளவு உயரம் சென்றாலும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கே உள்ளது. ஆயினும் காற்று நெகிழ்ந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயு குறைந்துவிடுகின்றது. பெர்ட் சிட்டுக்குருவிகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்தார். அழுத்தம் குறைந்தபோது சாகும் நிலையை எய்திய பறவை, பிராணவாயு மிகுந்த காற்று கிடைத்ததும் அதே குறைந்த அழுத்தத்திலேயே பிழைத்து எழுந்தது. எனவே, கொல்வது அழுத்தக் குறைவு அன்று. பிராணவாயுக் குறைவே என்பது உறுதியாயிற்று. பல சிற்றுயிர்கள் இதன்பொருட்டு மாண்டன என்பதையும் மறைத்தற்கில்லை.

1874-ஆம் ஆண்டில் பெர்ட் தாமே உருளைக்குள் அமர்ந்தார். காற்றுக் குறையக் குறையக் கண் மங்கியது, குமட்டல் எழுந்தது. 20 விநாடிகளில் எண்ணிய நாடித் துடிப்பை மூன்றால் பெருக்க முயன்றார். சிறுவரும் செய்யக்கூடிய அக்கணக்கு, அப்பேராசிரியருக்கு இயலவில்லை! பிராணவாயுவைச் சுவாசித்ததும் அறிவு தெளிந்தது. மற்றொரு முறை அவ்வாயுவின் துணைகொண்டு 248 மில்லிமீட்டர் அழுத்தம் வரை சென்று மீண்டார். அது ஏறத்தாழ எவரெசுட்டுச் சிகரத்தின் உச்சியில் உள்ள அழுத்தமாகும்.

குரோசே-சுபினெல்லி, சிவெல் என்னும் வானூர்தி வீரர் இருவரும் அவ்வுருளையில் அமர்ந்து பயின்றனர். 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், கசுத்தோன் திசாந்தியே என்பவருடன் அவர்கள் ‘செனித்’ என்னும் பலூனில் ஏறினர். பெர்ட் அப்போது பாரிசில் இல்லை. அவர்கள் கொண்டுசெல்லவிருந்த பிராணவாயுவின் அளவைக் கடித வாயிலாக அறிந்ததும், அது போதாது என்றும், மூவருக்கும் நிமிடத்துக்கு 20 லிட்டராவது வேண்டும் என்றும் மறுமொழி எழுதினார். அக்கடிதம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை.

பிராணவாயு சிறிதே என்பதை உணர்ந்த வீரர்கள், இன்றியமையாத வேளை வரும்வரை அதைச் சேமித்து வைக்க முடிவு செய்தனர். அம்முடிவே அவர்களுக்குக் கூற்றாயிற்று. ஏனெனில், பிராணவாயுக் குறைவு மெல்ல வந்து மூளையைப் பற்றுகின்றது. துன்பம் தோன்றுவதில்லை, மகிழ்ச்சியே தோன்றுகின்றது. குழாயை வாயில் வைக்க எண்ணியபோது திசாந்தியேயின் கை எழவில்லை. பேச முயன்றபோது நா அசையவில்லை. மூவரும் மயங்கினர். பலூன் தானே கீழிறங்கியபோது குரோசே-சுபினெல்லி விழித்து, கலங்கிய மதியுடன் சுமைகளை வெளியே எறிந்தார். பலூன் மீண்டும் மேலே பாய்ந்தது. அது எட்டிய உயரம் சுமார் 8,600 மீட்டர். அது தரையை நெருங்கியபோது திசாந்தியே ஒருவரே உயிருடன் இருந்தார். அவரும் செவிப்புலனை இழந்தார்.

1878-ஆம் ஆண்டில் பெர்ட் தம் ஆராய்ச்சிகளை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வெளியிட்டார். அழுத்தம் மிகுந்த நிலையில் பிராணவாயுவே நஞ்சாகும் என்பதும், ஆழ்கடலில் மூழ்குவோர் விரைந்து மேலே வந்தால் குருதியில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றும் என்பதும் அந்நூல் கூறும் உண்மைகளே. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்கு இவ்வறிவு பெரிதும் வேண்டப்பட்டது. 1943-ஆம் ஆண்டில் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

பெர்ட் அரசியலிலும் ஈடுபட்டுச் சிறிதுகாலம் கல்வி அமைச்சராக இருந்தார். 1886-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியின் தலைமை அதிகாரியாக வியத்துநாம் சென்றார். அயலார் நாட்டை அடக்கியாளும் அப்பணி அவரது ஆராய்ச்சிக்கு ஈடாகும் புகழைத் தரவில்லை. அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே ஹனோய் நகரில் நோயுற்று இறந்தார்.

மலைவாழ் உயிர்களின் குருதி பிராணவாயுவை மிகுதியாக ஏற்கவல்லது என்பதை 1882-ஆம் ஆண்டில் அவர் காட்டியிருந்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, வியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பெரு நாட்டின் மொரோகோச்சா என்னும் சுரங்க ஊருக்கு ஏறிச் சென்றார். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட அவ்வூரில் தம் குருதியைத் தாமே சோதித்தார். சில வாரங்களுக்குள் அதன் சிவப்பணுக்கள் பெருகியிருக்கக் கண்டார்.