அழுத்தத்தை ஆராய்ந்த அறிஞர்

காட்டுப்பள்ளியை அடுத்த எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பியைத் திறப்பது எளிதன்று. உள்ளிருக்கும் தசை இரண்டு ஓடுகளையும் இறுகப் பற்றியிருக்கும். அப்பிடியைத் தீயின்றித் தளர்த்தும் முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், சிப்பியையே ஆராயாத ஓர் இயற்பியலாளர்.

பெர்சி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மன் 1882இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே பேராசிரியரானார். அழுத்தம் மிகுந்தால் கலன் கசிவதே அக்கால ஆய்வாளர்க்குப் பெருந்தடை. உள்ளழுத்தம் கூடக்கூடத் தானே மேலும் இறுகும் அடைப்பினை அவர் உருவாக்கினார். கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறனும் அவருக்கு வாய்த்திருந்தது.

1914இல், முட்டை வெண்கருவை ஏறத்தாழ 7000 வளிமண்டல அழுத்தத்திற்கு உட்படுத்திய ஆய்வை வெளியிட்டார். கடலின் பேராழத்திலுள்ள அழுத்தத்தைப்போல் அது ஆறு மடங்கு. வெண்கரு, வேகவைத்ததுபோல் உறைந்துவிட்டது. வெப்பமின்றியே புரதத்தின் மடிப்புக் குலைந்ததே காரணம். இரண்டே பக்கங்களில் அடங்கிய அக்கட்டுரையை உணவுத்துறை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

1946இல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன் 1961இல் மறைந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில்தான் அமெரிக்கச் சிப்பி வணிகர் இம்முறையைக் கைக்கொண்டனர். ஏறத்தாழ 3000 வளிமண்டல அழுத்தத்தில் தசைப்புரதம் உருக்குலைய, ஓடு தானே திறக்கிறது, நோய்க்கிருமிகள் மடிகின்றன, பச்சைச் சிப்பியின் சுவையோ பெரிதும் மாறுவதில்லை. அழுத்தம் மேலும் கூடினால், அச்சதையும் வெண்கருவைப்போல் வெளுத்து இறுகும்.