நாணய அரசர் மறைக்காத இரகசியம்

சென்னையை அடுத்த நூம்பலில், கைவித்தைக்கான செல்லாக்காசுகளை நானே உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறேன். ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் நழுவ முகங்கள் வழவழப்பாக வேண்டும். உள்ளங்கை பற்றிக்கொள்ள விளிம்பின் வரிகள் தேயாதிருக்க வேண்டும்.

இவ்வித்தையைத் தனிக் காட்சியாக உயர்த்தியவர், நாணயங்களின் அரசர் எனப்பட்ட நெல்சன் டவுன்ஸ். 1867இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். ரயில்வே தந்தியாளராகப் பணியாற்றியவர். தாமே பயின்று, 1899இல் லண்டன் பேலஸ் அரங்கில் வெறுங்காற்றிலிருந்து காசுகளைப் பறித்துத் தொப்பியை நிரப்பினார்.

புகழின் உச்சத்தில், 1900இல், தம் உத்திகளை நூலாகவே வெளியிட்டார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. 1938இல் மறைந்த பின்னரும் அப்பட்டம் அவருடையதே. காணொளிகளால் தொழில் அழிகிறது என்று வருந்தும் கலைஞர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். இரகசியத்தை ஒரு நிமிடத்தில் அறியலாம். விரல்கள் பழக ஆண்டுகள் ஆகும்.