கரி வியாபாரி மகன் கட்டிய மோட்டார் ஆலை

காய்கறிக் கூடையையும் மீன் பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் பிழைக்கிறவன், சொந்தமாக மோட்டார் வண்டி வாங்க முடியுமா? 1924-ம் ஆண்டில் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் ஐரோப்பாவில் கூடச் சிரித்திருப்பார்கள். முடியும் என்று செய்து காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் போர்க்வார்ட். பிரேமன் என்ற துறைமுக நகரில் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் தொடங்கி, சுமார் 20,000 பேர் வேலை செய்யும் மோட்டார் தொழிலாக வளர்த்தவர். அந்தத் தொழில் 1961-ல் ஒரே ஆண்டில் சரிந்தது. அது சரிந்ததா, சரிய விடப்பட்டதா என்ற வழக்கு மட்டும் தீரவே இல்லை.

பட்டறைப் பையன்

போர்க்வார்ட் 1890 நவம்பர் 10-ந் தேதி ஹாம்பர்க் நகரை ஒட்டிய அல்டோனாவில் பிறந்தார். தந்தை நிலக்கரி வியாபாரி. வீட்டில் 13 பிள்ளைகள். அத்தனை பேருக்கும் சோறு போடுவதே பெரும்பாடு. பையன் பூட்டு வேலைப் பட்டறையில் தொழில் பழகினான். பிறகு இயந்திரப் பொறியியல் படித்துத் தேறினான். முதல் உலகப் போரில் காயம் பட்டுத் திரும்பியவர், 1919-ல் பிரேமனில் ஒரு சிறு கம்பெனியில் கூட்டாளி ஆனார். அந்த ஊரில் ஹன்சா-லாயிட் என்ற பெரிய மோட்டார் கம்பெனி இருந்தது. அதற்கு ரேடியேட்டர் செய்து கொடுப்பதுதான் இவருடைய பிழைப்பு. பெரிய வீட்டு வாசலில் காத்துக் கிடக்கும் சின்ன ஒப்பந்தக்காரர் என்று சொல்லலாம்.

மின்னல் வண்டி

1924-ல் அவர் ஒரு வண்டி செய்தார். மூன்று சக்கரம், சுமார் 2 குதிரைச் சக்தி உள்ள சின்ன என்ஜின், கால் டன் சரக்கு ஏற்றலாம். வேறு சொகுசு எதுவும் கிடையாது. அதற்கு மின்னல் வண்டி என்று பொருள்படும் பெயர் வைத்தார். அது போன வேகத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் ரொட்டிக் கடைக்காரரும் பால்காரரும் மளிகைக் கடைக்காரரும் வேகத்தையா பார்த்தார்கள்? விலையைப் பார்த்தார்கள். குதிரைக்குத் தீனி போட வேண்டாம், லாயம் வேண்டாம் என்பதைப் பார்த்தார்கள். ஜெர்மன் தபால் இலாகாவும் தெருவோரத் தபால் பெட்டிகளிலிருந்து கடிதங்களை எடுத்து வர இந்த வண்டிகளை வாங்கியது. சர்க்காரே வாங்குகிற வண்டி என்றதும் வியாபாரிகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து வந்த சற்றுப் பெரிய வண்டிக்குக் கோலியாத் என்று பெயர். பைபிளில் வரும் அரக்கனின் பெயர் அது.

1928-ல் வந்த ஒரு சட்டமும் கைகொடுத்தது. நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, என்ஜின் 200 சி.சி.க்குள் இருந்தால் வரியும் இல்லை, ஓட்டுநர் லைசென்சும் தேவையில்லை. மூன்று சக்கர வண்டி செய்தவர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. ஹாம்பர்க் பக்கம் விடால் என்ற கம்பெனியும் இதே தொழிலில் இறங்கிப் போட்டி போட்டது. அந்தக் கம்பெனி தன் வண்டிக்கு வைத்த பெயர் டெம்போ. 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனி மூலம் அந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது. பம்பாயிலும் பூனாவிலும் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி எதுவானாலும் டெம்போ என்று அழைக்கிற வழக்கம் அப்படி வந்ததுதான்.

வாசலில் நின்றவர் உள்ளே போனார்

1929-ல் ஹன்சா-லாயிட் கம்பெனி தள்ளாடியது. போர்க்வார்டும் அவருடைய கூட்டாளி டெக்லன்போர்க்கும் அதன் பங்குகளை வாங்கிக் கம்பெனியைக் கைப்பற்றினார்கள். எந்த முதலாளிக்கு ரேடியேட்டர் சப்ளை செய்தாரோ, அந்த ஆலைக்கே முதலாளி ஆனார்! 1937-ல் கூட்டாளியும் விலகிக்கொள்ள, முழு ஆலையும் அவர் ஒருவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரேமனை அடுத்த செபால்ட்ஸ்ப்ரூக்கில் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தார்.

அடுத்து வருவது அவர் வாழ்க்கையின் கறை படிந்த பகுதி. 1938-ல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போர்க் காலத்தில் ஆலை ராணுவ வண்டிகளைச் செய்தது. எதிரியின் டாங்கி அருகே தொலைவிலிருந்து செலுத்தி வெடிக்கச் செய்யும் சின்ன வெடிவண்டியும் இங்கே தயாரானது. அதற்கும் கோலியாத் என்றே பெயர். அயல் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் ஆலையில் கட்டாய வேலை செய்தார்கள். ரொட்டிக் கடைக்காரருக்கு வண்டி கொடுத்த நல்ல பெயர் இதை அழித்துவிடாது. 1944 அக்டோபரில் விமானக் குண்டு வீச்சில் ஆலை பெரும்பாலும் நாசமாயிற்று. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அவரைக் காவலில் வைத்தது. சில காலம் தம் கம்பெனியைத் தாமே நடத்த அவருக்கு அனுமதி இல்லை.

ஒரு கம்பெனி மூன்று ஆனது

வெளியே வந்தபோது இரும்புக்குப் பஞ்சம். கம்பெனிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். போர்க்வார்ட் யோசித்தார். ஒரே கம்பெனியை போர்க்வார்ட், கோலியாத், லாயிட் என்று மூன்றாகப் பிரித்தார். மூன்று கம்பெனிக்கும் தனித்தனி ஒதுக்கீடு கிடைத்தது! ஒரு வீட்டுக்கு மூன்று ரேஷன் கார்டு வாங்கிய கதைதான்.

கோலியாத் பழையபடி எளியவர் பக்கம் போயிற்று. முக்கால் டன் ஏற்றும் மூன்று சக்கர பிக்-அப் வண்டி 1949 முதல் 1955 வரை சுமார் 30,000 விற்றது. இடிந்த நகரங்களில் செங்கல், கரி, உருளைக்கிழங்கு எல்லாம் இதில்தான் போயின. முன்னால் ஒரே சக்கரம் என்பதால் வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழும் என்ற பயம் உண்டு. ஆனாலும் நாலு சக்கர லாரி வாங்கப் பணம் இல்லாதவருக்கு இதுவே லாரி.

1950-ல் வந்த லாயிட் கார் இன்னும் வேடிக்கை. இரும்பு கிடைக்கவில்லை என்று உடம்பை மரத்தில் செய்து, மேலே செயற்கைத் தோலைப் போர்த்தினார்கள். என்ஜின் 10 குதிரைச் சக்தி. தோல் கிழிந்தால் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டலாம் என்று ஊரே கேலி செய்தது. சாகத் துணிந்தவன்தான் இதில் ஏறுவான் என்றும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். சைக்கிளிலிருந்து காருக்கு மாற வேறு மலிவான வழி அதிகம் இல்லை. சில ஆண்டுகளில் கார் விற்பனையில் ஃபோக்ஸ்வாகன், ஓப்பல் இரண்டுக்கும் அடுத்த இடத்தில் லாயிட் நின்றது.

1954-ல் வந்தது இசபெல்லா. சோதனை ஓட்டத்தில் இருக்கும் காருக்கு என்ன பெயர் எழுதுவது என்று பொறியாளர்கள் கேட்க, எதையாவது எழுதுங்கள், இசபெல்லா என்றே எழுதுங்களேன் என்று அவர் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது என்பார்கள். அந்தக் கார் 2 லட்சத்துக்கு மேல் விற்றது.

தனி ஆளின் ராஜ்யம்

வெற்றியிலேயே கோளாறும் வளர்ந்தது. இரும்புப் பஞ்சம் தீர்ந்த பிறகும் மூன்று கம்பெனிகளும் மூன்றாகவே இருந்தன. மூன்றுக்கும் தனித்தனிக் கொள்முதல், தனித்தனி வியாபாரிகள். பங்குதாரர் இல்லை, கேள்வி கேட்க யாரும் இல்லை. புது மாடல்களை முதலாளியே தம் கையால் உருவாக்கி மகிழ்ந்தார். கார், லாரி, பிக்-அப் போதாதென்று 1958-ல் ஹெலிகாப்டர் கூடப் பறந்தது. விற்ற பணம் அடுத்த மாடலுக்குப் போயிற்று. கையிருப்பு என்று ஒன்றும் சேரவில்லை. மாதச் சம்பளக் குடும்பத்தில் கூட ஆபத்துக்கென்று நாலு காசு எடுத்து வைப்பார்கள், இவர் வைக்கவில்லை.

1959-ல் வந்த அரபெல்லா காருக்குள் மழைத் தண்ணீர் கசிந்தது. அக்வாபெல்லா என்று பெயரை மாற்றிக் கேலி செய்தார்கள். அதே சமயம் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி விழுந்தது. விற்காத கார்கள் தேங்கின. 1960 டிசம்பரில் டெர் ஷ்பீகல் பத்திரிகை அவருடைய நிர்வாகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. கடனுக்கு ஜாமீன் நிற்கும் பிரேமன் மாநில அரசு தயங்கத் தொடங்கியது.

1961 பிப்ரவரி 4-ந் தேதி பேச்சு வார்த்தை மணிக்கணக்கில் நீண்டது. முடிவில் 70 வயது போர்க்வார்ட் தம் கம்பெனிகளை மாநில அரசிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். அரசு ஜோஹன்னஸ் செம்லரைத் தலைமைக்கு அமர்த்தியது. அவர் அதே காலத்தில் போட்டிக் கம்பெனியான பி.எம்.டபிள்யூ.வின் மேற்பார்வைக் குழுவிலும் இருந்தார். இதுதான் பின்னாளில் பெரிய சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி திவால் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேறு ஆலைகளைத் தேடிப் போனார்கள்.

போர்க்வார்ட் 1963 ஜூலை 28-ந் தேதி, 72-வது வயதில் மாரடைப்பால் இறந்தார். திவால் கணக்கை முடித்தபோது, கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் முழுத் தொகையும் திருப்பித் தரப்பட்டிருந்தது. மொத்தக் கடனையும் அடைக்கும் சொத்து இருந்த கம்பெனியை ஏன் மூடினார்கள்? நிர்வாகத்தை மட்டும் மாற்றி, ஆலையை ஓட விட்டிருக்கலாம் என்பார் ஒரு சாரார். புதுக் கார்களுக்கு வேண்டிய பணம் வேறு எங்கிருந்தும் வந்திராது என்பார் மறு சாரார்.

கடைசி மாடலுக்கான இயந்திரங்கள் மெக்சிகோவுக்குப் போயின. அங்கே 1967 முதல் சில ஆண்டுகள் அந்தக் கார் தயாராயிற்று. 2015-ல் ஒரு சீனக் கம்பெனி போர்க்வார்ட் பெயரை மீண்டும் எடுத்தது. 2022-ல் அதுவும் திவாலானது. செபால்ட்ஸ்ப்ரூக் ஆலை வேறு கைகளுக்கு மாறியது. அங்கே 1978 முதல் மெர்சிடிஸ் கார்கள் தயாராகின்றன.