தளபதி திம்மையா

காவிரி பிறக்கும் குடகு நாடு வீரத்துக்குப் பேர் போனது. அந்நாட்டின் மடிக்கேரியில் 1906-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்தவர் ஜெனரல் கே. எஸ். திம்மையா. போர் செய்து புகழீட்டியோர் பலர். பிறர் போரைத் தணித்தும் புகழீட்டியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய இவரின் வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்றென எண்ணுகிறோம்.

குன்னூரிலும் பெங்களூரிலும் கற்ற திம்மையா, டேராடூன் இராணுவக் கல்லூரியிற் பயின்று, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் தேறி, 1926-ல் அதிகாரியானார். அந்நியர் ஆட்சிக்கு உழைக்கும் சேனையில் இருப்பது தகுமோ என்னும் ஐயம் அவரை வருத்தியது. அலகாபாத்தில் மோதிலால் நேருவைக் கண்டு, பதவியைத் துறக்கலாமோ என வினவினார். விடுதலை பெறும் நாட்டுக்குப் பயின்ற அதிகாரிகள் வேண்டும். ஆதலால் இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அப்பெரியார் கூறிய அறிவுரை. திம்மையாவும் அவ்வாறே செய்தார்.

இரண்டாம் உலகப் போரில், பர்மாவின் அரக்கான் முனையில், ஐதராபாத் ரெஜிமெண்டின் பட்டாளம் ஒன்றை நடத்தினார். 1945 சனவரியில் கங்கோவில் யப்பானியருடன் நிகழ்ந்த கடும் போரிற் பங்குகொண்டார். பின்னர் 36-வது பிரிகேட்டின் தலைமை அவரிடம் வந்தது. அப்போரில் ஒரு பிரிகேட்டைக் களத்தில் நடத்தும் பொறுப்பு இந்தியர் ஒருவருக்குக் கிடைத்தது அரிய சிறப்பாகும்.

1947-ல் காசுமீரப் போர் மூண்டது. 1948-ல் லே நகர் வீழும் நிலையில் இருந்தது. அங்கே அவசரமாய் அமைத்த ஓடுபாதையில், மே மாதம், விமானப் படையின் மேகர் சிங் டகோட்டா விமானத்தை இறக்கினார். திம்மையாவும் அவ்விமானத்திற் சென்றார். ஆயினும் தரைவழியைச் சோஜிலாக் கணவாய் மறித்து நின்றது. பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்துக்கு டாங்கிகள் ஏறுமென எவரும் எதிர்பார்த்திலர். மதராஸ் சப்பர் படையினர் கோவேறு கழுதைப் பாதையை அகலமாக்கினர். நவெம்பர் 1-ந் திகதி பனிக்கிடையே டாங்கிகள் ஏறின; முதல் டாங்கியிலேயே திம்மையா சென்றார். கணவாய் கைப்பற்றப்பட்டது. அந்த மாத இறுதிக்குள் கார்கிலும் மீட்கப்பட்டது, லேயும் தப்பியது.

1953-ல் கொரியாவில் போர் ஓய்ந்தபோது, தாயகம் திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீன, வடகொரியக் கைதிகளைப் பற்றிய வழக்கு எஞ்சியது. நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்குத் திம்மையா தலைவரானார். இரு சாராரும் குறை கூறினர். அவரோ எச்சாராரின் பக்கமும் சாயவில்லை. 1954-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

1957-ல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. 1959 ஆகஸ்டில் இராசினாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு கேட்டுக்கொள்ள, அதனை மீட்டுக்கொண்டார். ஆனால் நேருவோ பாராளுமன்றத்தில் அவர் செயலைக் கண்டித்துப் பேசினார். திம்மையா உறுதியாய் நின்றிருக்க வேண்டும் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வாளேந்தியவன் மக்களாட்சிக்குப் பணிதல் இழிவன்று; அவமானத்தை விழுங்கி 1961 மே வரை கடமையில் நின்றமை சோஜிலா வெற்றிக்குக் குறைந்ததுமன்று. 1962 ஒக்டோபரில் சீனப் படை எல்லையைக் கடந்தபோது, படையறிந்தோர் சொல்லை ஆள்வோர் செவிமடாமையின் கேடு யாவர்க்கும் புலனாயிற்று.

1964-ல் ஐக்கிய நாடுகள் சபை அவரைச் சைப்பிரசுத் தீவின் அமைதிப்படைக்குத் தளபதியாக்கியது. கிரேக்கரும் துருக்கியரும் பகைத்து நின்ற அத்தீவிலே, 1965 டிசெம்பர் 18-ந் திகதி, மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு சைப்பிரசு அரசு அவர் நினைவாகத் தபால் முத்திரை வெளியிட்டது.

பிறந்த மண்ணுக்காகப் போரிட்டவர், பிறர் மண்ணின் அமைதிக்காக உழைக்கையில் மறைந்தார். இளைஞர்களே, வீரமும் அடக்கமும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கக் கூடும் என்பதற்கு இவர் வாழ்வே சான்று.