கேள்விக்குப் பதில் சொன்ன குற்றம்

1934-ம் வருஷம் பம்பாய்க் கோர்ட்டில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதான முன்னாள் கணிதப் பேராசிரியர். அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவுமில்லை. தமது பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதிக் கேட்ட அந்தரங்கமான சந்தேகங்களுக்குப் பதில் அச்சிட்டிருந்தார். ஆபாசம் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். அவருக்காக வாதாட எழுந்தவர் பாரிஸ்டர் அம்பேத்கர்!

ரகுநாத் தோண்டோ கார்வே 1882-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி பிறந்தார். தகப்பனார் மகரிஷி கார்வே. விதவையை மணந்ததற்காகச் சொந்த ஊராரின் பகிஷ்காரத்துக்கு ஆளானவர். 1916-ல் பெண்களுக்கென்று சர்வகலாசாலை கண்டவர். அந்தத் தகப்பனாருக்கு 1958-ல், நூறாவது வயதில், தேசம் பாரத ரத்னா விருது கொடுத்துக் கௌரவித்தது. மகனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அவர் கையில் எடுத்த விஷயம் அப்படி.

படிப்பில் கார்வே சூரர். 1899-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். பாரிஸ் சென்று கணிதம் பயின்று வந்து, பம்பாயில் ஒரு மிஷன் கல்லூரியில் பேராசிரியரானார். 1921-ல் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். இந்தியாவில் அதுதான் முதலாவது. லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் இத்தகைய நிலையத்தைத் திறந்ததும் அதே வருஷம்தான். கார்வேயும் அவர் மனைவி மாலதியும் பிள்ளையே வேண்டாம் என்று தீர்மானித்து வாழ்ந்தார்கள். கல்லூரி நிர்வாகத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1925-ல் வேலை போயிற்று.

1927 ஜூலையில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். ‘சமூக ஆரோக்கியம்’ என்று பொருள். அட்டையில் ஆடையற்ற பெண் சித்திரம். மனித உடம்பு வெட்கப்பட வேண்டிய பொருளல்ல என்பது அவர் கட்சி. கொஞ்சம் பிடிவாதக்காரர்தான்!

அந்தக் காலத்து வாலிபர்களை ஒரு பயம் பிடித்து ஆட்டியது. நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு இந்திரியம். அது வெளியேறினால் கண் குழிந்து, கன்னம் ஒட்டி, ஞாபகசக்தி போய், கல்யாணத்துக்கே லாயக்கில்லாமல் போய்விடுவான் என்ற பயம். நம் நாட்டு நம்பிக்கை மட்டுமல்ல இது. சுவிட்சர்லாந்து வைத்தியர் டிஸ்ஸோ 1760-லேயே இந்தத் தினுசில் ஒரு புஸ்தகம் எழுதி ஐரோப்பாவையே கலக்கியிருந்தார். காந்திஜிகூட இந்திரியத்தைக் காப்பதே தேக பலத்துக்கு ஆதாரம் என்று நம்பினார். பயந்த வாலிபன் வீட்டில் வாய் திறக்க முடியாது. நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் விற்பவனிடம் போவான். அவன் பயத்தை இரட்டிப்பாக்கிக் காசு பறிப்பான்.

உண்மை என்ன? ரத்தம் சுண்டி விந்து ஆவதில்லை. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி சில சுரப்பிகளில் ஊறுவது. ஒரு தடவை வெளியேறுவது இரண்டு முதல் ஐந்து மில்லி லிட்டர் வரைதான். உயிரணுக்களை உடம்பு தினமும் கோடிக்கணக்கில் உண்டாக்குகிறது. கைப்பழக்கத்தால் கண் பார்வையும் போகாது, ஆண்மையும் போகாது. சொப்பன ஸ்கலிதம் வியாதியே அல்ல. வாலிபர்களை உருக்குலைத்தது பயம்தான். பிற்காலத்தில், 1960-ல், மனநல நிபுணர் டாக்டர் என். என். விக் இந்தப் பயத்தினால் வரும் சோர்வுக்குத் தாது நோய் என்றே பெயரிட்டார்.

கைப்பழக்கம் கெடுதல் அல்ல என்று கார்வே எழுதினார். ஓரினச் சேர்க்கை பற்றிய கேள்வியையும் அவர் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே 1931-ல் ஒரு கட்டுரைக்காக 100 ரூபாய் அபராதம் கட்டியவர். 1934-ல் மறுபடியும் கைது.

பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம். ஒடுக்கப்பட்ட ஜனங்களின் தலைவராக அம்பேத்கருக்கு ஆயிரம் ஜோலிகள். இப்படிப்பட்ட வழக்கைத் தொட்டால் பெயர் கெடும் என்று வேறு வக்கீல் தயங்கியிருப்பார். அவரோ ஒப்புக்கொண்டார். பாலுறவைப் பற்றி எழுதினாலே ஆபாசமாகிவிடாது. சந்தேகம் கேட்பவனுக்கு விஞ்ஞானப்படி பதில் சொல்வது எப்படிக் குற்றமாகும் என்று வாதித்தார். ஹாவ்லக் எல்லிஸின் ஆராய்ச்சியை ஆதாரம் காட்டினார். கோர்ட்டார் ஏற்கவில்லை. ஏப்ரல் 24-ந் தேதி கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

அபராதம் கட்டிய கையோடு அடுத்த இதழ் வேலையைப் பார்த்தார் கார்வே. பத்திரிகையால் லாபம் கிடையாது. சொந்தப் பணம்தான் கரைந்தது. இன்னும் பத்தொன்பது வருஷம் அதை நடத்தினார். 1952-ல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். 1953-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி காலமானார். ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’வும் அவரோடு நின்றது.