ஆர்க்கிட்களைக் கொன்றது குளிர் அல்ல, சூடு: ஜன்னலைத் திறந்த தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்விட்டு வரும்போது ஆசையாக ஒரு ஆர்க்கிட் தொட்டி வாங்கி வருகிறோம். சென்னை பால்கனியில் வைக்கிறோம். முதல் சில வாரம் பூ அப்படியே இருக்கும். அப்புறம் இலை மஞ்சளாகும், வேர் அழுகும். நமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களுக்கும் இதே அனுபவம்தான். ஒரே வித்தியாசம், நமக்கு வெயிலும் புழுக்கமும் இலவசம். அவர்கள் நிலக்கரி எரித்து அதை உண்டாக்கி, அதிலேயே செடிகளைச் சாகடித்தார்கள். இந்தத் தவறைத் திருத்தியவர்களில் முக்கியமானவர், ஜோசப் பாக்ஸ்டன்.

யார் இந்த பாக்ஸ்டன்?

1803-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1823-ல் லண்டன் அருகே சிஸ்விக்கில் இருந்த தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பதிவேட்டில் பிறந்த ஆண்டை 1801 என்று எழுதி, இரண்டு வயது கூட்டிப் போட்டுக்கொண்டார். ரெஸ்யூமேவில் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' செய்வது புதுசு இல்லை!

பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர் டெவன்ஷயரின் 6-வது டியூக், வில்லியம் கேவண்டிஷ். அடிக்கடி தோட்டத்துக்கு வந்தவருக்கு இந்த இளைஞரைப் பிடித்துப்போனது. 1826-ல் தன் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22.

முதல் நாளே அதிகாலை நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார். கேட் திறக்கவில்லை என்பதால் சுவர் ஏறிக் குதித்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சாரா பவுன் என்ற பெண்ணைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே கல்யாணம்.

சூப்பர் மார்க்கெட்டில் 'கேவண்டிஷ்' வாழைப்பழம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் இந்த டியூக்கின் குடும்பப் பெயர்தான். மொரிஷியஸிலிருந்து வந்த கன்றை வளர்த்து, 1835-ல் சாட்ஸ்வொர்த்தில் பூக்க வைத்தவர் பாக்ஸ்டன்.

ஆர்க்கிட் மோகம் எப்படி வந்தது?

1833-ல் ஒரு கண்காட்சியில், பட்டாம்பூச்சி போலவே இருந்த ஒரு ஆர்க்கிட் பூவை டியூக் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை. செலவைப் பற்றிக் கவலை இல்லை, உலகத்தில் எங்கிருந்தாலும் வாங்கு என்றார். ஆனால் வாங்குவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

அன்றைய தோட்டக்காரர்கள், ஆர்க்கிட் என்றாலே கொதிக்கும் காட்டில் வளர்வது என்று நம்பினார்கள். மரத்தில் தொற்றி வளரும் செடியை மண் தொட்டியில் நட்டார்கள். அந்தத் தொட்டியை, புளித்துச் சூடேறும் மரப்பட்டைக் குவியலில் புதைத்தார்கள். ஜன்னல்களை மூடி, நீராவி நிரம்பவிட்டார்கள். இந்தக் கண்ணாடி வீடுகளுக்கு 'ஸ்டவ்' என்றே பெயர். பெரிய தாவரவியலாளர்களே அதிக வெப்பம், அடர்ந்த நிழல், நிறைய ஈரம் வேண்டும் என்று சொன்ன காலம் அது.

வெப்பமண்டலம் என்றாலே சூடு என்று நினைத்ததுதான் தவறு. பல ஆர்க்கிட்கள் வெப்பமண்டல நாடுகளின் மலைகளில், பனிமூட்டத்தில் வளர்கின்றன. சென்னையும் தமிழ்நாடு, ஊட்டியும் தமிழ்நாடு. இரண்டும் ஒன்றா?

செடிக்கு உள்ளே என்ன நடக்கிறது?

பகலில் இலை வெளிச்சத்தை வைத்து மாவுச்சத்து தயாரிக்கிறது. இரவில் அதில் ஒரு பகுதியைச் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு ஏறும். மலைச் செடிக்கு இது தினமும் வரவை மீறிய செலவு. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போகும். கூடவே காற்று ஓடாத ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேரைப் பிடித்துவிடும். பல வகைகளுக்கு இரவுக் குளிர் இல்லாவிட்டால் மொட்டே வராது.

பாக்ஸ்டன் என்ன செய்தார்?

யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் மாளிகையில் ஜோசப் கூப்பர் என்ற தோட்டக்காரர், சூட்டைக் குறைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு ஆர்க்கிட்களை நன்றாக வளர்த்து வந்தார். இந்த வழியை சாட்ஸ்வொர்த்தில் பெரிய அளவில் கொண்டுபோனவர் பாக்ஸ்டன். எல்லாச் செடியையும் ஒரே வீட்டில் அடைக்காமல், சொந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் தனித்தனி வீடுகளாகப் பிரித்தார். வெப்பத்தைக் குறைத்தார், ஜன்னலைத் திறந்தார். தண்ணீர் தேங்காத மாதிரி தொட்டியை நிரப்பினார். நடைபாதையை நனைத்து ஈரப்பதம் கொடுத்தார்.

1835-ல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரை இந்தியாவுக்கு அனுப்பினார். முக்கிய இலக்கு, பர்மாவின் ஆம்ஹெர்ஸ்டியா மரம். கிப்சன் கல்கத்தா வழியாகக் காசி மலைக்கு, சிரபுஞ்சிக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உள்ள, குளிர்காலத்தில் நன்றாகக் குளிரும் ஊர். கண்ணாடிப் பெட்டிகளில் ஆர்க்கிட்களை நிரப்பிக்கொண்டு 1837-ல் திரும்பினார். அவற்றில் ஒன்றுக்கு டியூக்கின் நினைவாக டென்ட்ரோபியம் டெவோனியானம் என்றும், இன்னொன்றுக்கு டென்ட்ரோபியம் கிப்சோனி என்றும் பெயர் வைத்தார்கள். சாட்ஸ்வொர்த் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஆர்க்கிட் சேகரிப்புகளில் ஒன்றானது.

எல்லாமே வெற்றி இல்லை. ஆம்ஹெர்ஸ்டியா சாட்ஸ்வொர்த்தில் பூக்கவே இல்லை. 1849-ல் ஈலிங்கில் திருமதி லாரன்ஸின் தோட்டத்தில்தான் பூத்தது. அதைவிடப் பெரிய விலையும் இருந்தது. வட அமெரிக்காவுக்குச் செடி தேடி அனுப்பப்பட்ட இரண்டு இளம் தோட்டக்காரர்கள் 1838-ல் கொலம்பியா ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். மலைக்காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்கி வந்த செடிகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு செடியின் தேவை புரியாமல் போனால், செத்ததற்குப் பதில் இன்னொன்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வருவார்கள். பாக்ஸ்டனின் முறை அந்த வீணடிப்பைக் குறைக்கும் வழியைக் காட்டியது.

அப்புறம்?

இதே பாக்ஸ்டன்தான் 1836 முதல் 1840 வரை 'கிரேட் ஸ்டவ்' என்ற பிரம்மாண்டக் கண்ணாடி மாளிகையையும் கட்டினார். நீளம் 277 அடி, 8 பாய்லர்கள், நிலக்கரி கொண்டுபோக நிலத்தடி ரயில். சூடு தேவைப்பட்ட செடிக்குச் சூட்டை வாரிக் கொடுக்கவும் அவருக்குத் தெரியும். 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்து 'சர்' பட்டம் பெற்றார். 1854-ல் எம்.பி. ஆனார். 1865-ல் காலமானார். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் கிரேட் ஸ்டவ்வின் செடிகள் மடிந்தன. 1920-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

நம்ம பால்கனிக்கு என்ன பாடம்?

சென்னையில் மே மாதம் பல இரவுகளில் வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விடுவதற்கே 25 டிகிரிக்குக் குறைவான நாட்கள் சில வாரம் வேண்டும். குளிர்ந்த இரவு கேட்கும் சிம்பிடியம் இங்கே பூப்பது ரொம்பக் கஷ்டம். சூடு தாங்கும் வாண்டா, டென்ட்ரோபியம் கலப்பினங்களில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

மலைச் செடிதான் வேண்டும் என்றால், மண் வேண்டாம். கரி, ஓட்டுத்துண்டு போட்ட திறந்த கூடை போதும். மதிய வெயில் படாத இடம், காலையில் தண்ணீர், இரவிலும் ஓடும் ஒரு சின்ன ஃபேன். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால், தண்ணீர் தெளித்தால் மட்டும் குளிராது. காற்று நகர வேண்டும்.

அடுத்த முறை நர்சரியில் விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தச் செடிக்கு எந்த ஊர், அங்கே ராத்திரி எவ்வளவு குளிரும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், செடியின் பெயரை வாங்கிக்கொண்டு நீங்களே தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.