பிரிச்சுப் பார்த்த மனுஷன்

தொரப்பள்ளின்னா ராஜாஜி பிறந்த ஊர்னு உங்களுக்குத் தெரியும். அந்த மண் ரோட்டில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வருதுன்னு வெச்சுக்குங்க. மீட்டரில் மூணு லட்சம் கிலோமீட்டர். இஞ்சின் போச்சுன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. முதல்ல ஜி.டி.நாயுடு கதையைக் கேளுங்க.

1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது மனசை விட்டுப் போகவில்லை. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கினார். அக்கக்காகக் கழற்றி, திரும்ப மாட்டினார். அதுதான் அவர் படித்த கல்லூரி.

1920-ல் பொள்ளாச்சி–பழனி வழியில் ஒரே ஒரு பஸ். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் மின் மோட்டார் தயாரிப்பு. 1945-ல் இன்றைய கோவை ஜி.சி.டி. உருவாகக் காரணமானார். முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு நேர விரயம் என்று சொல்லிப் பதவி விலகினார். 1974-ல் மறைந்தார்.

இப்போ ஜீப்புக்கு வருவோம். லோ கியரில் மேடேறிய வண்டியில் கிலோமீட்டர் குறைவு, இஞ்சின் சுற்று அதிகம். அதனால் மீட்டர் பாதிக் கதைதான் சொல்லும். ஏர் ஃபில்டரில் புழுதி இருக்கா பாருங்க. இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுன்னு புகை வருதா? ரிங் தேய்ஞ்சிருக்கலாம். கம்ப்ரஷன் அளந்தால் மீதி தெரியும்.

நாலு வருஷத்தில் ஒரு இஞ்சினையாவது பிரிச்சிருக்கீங்களா?